மேட்டில் நிறுத்திய டிராக்டர்

அடியோடு படுத்துவிட்ட வண்டியை எப்படியாவது எழுப்பிவிடலாம். காலையில் ஒழுங்காக எடுத்து, மதியம் மக்கர் செய்து, மெக்கானிக் வந்து நிற்கும்போது சாதுவாக மறுபடி எடுக்கிற வண்டியோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டு டிராக்டர் அந்த ரகம். என்னைவிட மூத்தது. செல்ஃப் எப்போது எடுக்கும், எப்போது ‘டிக்’ என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடும் என்பது யாருக்கும் தெரியாது.

அதனால் அப்பா அதை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டு, கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் எடுத்துவிடும். மலையோரத்து ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மன்னார்குடிப் பக்கம் வந்து பார்த்தால்தான் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பூமி. ஒரு டிராக்டர் உருளும் அளவுக்குச் சரிவு வேண்டுமென்றால் ஆற்றங்கரையைத் தேடிப் போக வேண்டும், இல்லை களத்து மேட்டுக்கு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்பாவின் கண் முதலில் சரிவைத்தான் தேடும்.

குறுவை நாட்களில் மேட்டுக்கும் வழியில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணையைத் தாண்டி, கிளை கிளையாகப் பிரிந்து எங்கள் பாமணி ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டால் ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் சேற்றுழவுக்கு நிற்கும். கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கிய வண்டியை யார் தள்ளுவது? அந்த நாட்களில் அப்பா இன்ஜினை அணைக்கவே மாட்டார். பழைய டீசல் இன்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். நிறுத்துவதற்குக்கூட ஒரு கம்பியைத்தான் இழுக்க வேண்டும். எடுக்கும் அந்தச் சில நொடிக்குத்தான் பேட்டரி. ஆக, ஒருமுறை எடுத்துவிட்டால் இருட்டும்வரை கவலையில்லை. நான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். அவர் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். வண்டி பக்கத்தில் டீசலைக் குடித்துக்கொண்டு உறுமிக்கொண்டே இருக்கும். டீசல் செலவை நினைத்து அம்மா வீட்டில் புலம்புவாள்.

பேட்டரிதான் போய்விட்டது என்றார் ஒருவர். புதுசு வாங்கினோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். கொஞ்ச நாள். சோலனாய்டு மாற்றினார்கள். அதுவும் கொஞ்ச நாள். ஒவ்வொரு முறையும் நோய் கண்டுபிடிபட்டதாகவே நம்பினோம். உண்மையில் ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன் பேட்டரி ஒயர்களைக் கழற்றினார்கள், முடிந்ததும் திருகி முறுக்கினார்கள். அந்தத் திருகலில் எர்த் ஒயரின் பாடிப் பக்க முனையும் அசைந்து கொஞ்சம் தேய்ந்து, கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொண்டது. குணமாக்கியது அந்தத் திருகல். காசு வாங்கியது புதுச் சாமான்.

இதை எங்களுக்குப் புரியவைத்தவர் கடைத்தெருவில் இருந்த ஒரு எலக்ட்ரீஷியன். களத்துக்கு வந்து பார்த்தார். சாவியைத் திருகினார். பட்டென்று எடுத்தது. பையைத் திறக்காமலே கிளம்பினார். “எடுக்குற வண்டியில என்னத்த அண்ணே பாக்குறது? எடுக்காம நின்னா, நின்ன எடத்துலயே விட்டுட்டு ஆள் அனுப்புங்க. எதையும் தொட வேணாம்.”

அப்படி எடுக்காமல் நின்றது ஒரு பகல் வேளையில், சேறு காயாத வயலுக்குள். ஆள் அனுப்பினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவர், முதலில் பேட்டரியை அளந்தார். 12.6 வோல்ட், நிறைந்த பேட்டரி. என்னைச் சாவியைத் திருகச் சொன்னார். ‘டிக்’. பிறகு மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் குமிழின் தலையிலேயே வைத்தார், ஒயரின் பிடியில் அல்ல. இன்னொன்றை இன்ஜின் உடம்பில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, மறுபடி திருகச் சொன்னார். முள் எழுந்தது. அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய இடம் அது.

“பன்னெண்டுல அஞ்சு இங்கயே போவுது பாரு தம்பி.”

எர்த் ஒயரைப் பாடியில் முறுக்கியிருந்த முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. கழற்றினால், ஒயர் முனையின் லக்குக்கு அடியில் வழவழவென்று பெயிண்ட். முன்பு ஒரு பொங்கலுக்கு அப்பா ஆசையாய்ப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். அடித்தவர் எர்த் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகுபடுத்திவிட்டார். மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, புது எர்த் பட்டை போட்டு முறுக்கி, மேலே வாஸலின் தடவினார்.

லைட் பிரகாசமாக எரிகிறதே, எர்த் எப்படிக் கெட்டிருக்கும் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் எனக்குப் பல வருடம் கழித்து ஓம் விதி படித்தபோதுதான் முழுசாகக் கிடைத்தது. கெட்ட இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் இழுப்பது 5 ஆம்பியர். அங்கே தொலைவது 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் கேட்கும்போது அதே இணைப்பு 4 வோல்ட்டை விழுங்கிவிடும். அதனால்தான் லைட்டை வைத்து எர்த் நன்றாயிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பாரம் ஏற்றித்தான் அளக்க வேண்டும், அதுவும் பழுது கண்ணெதிரே இருக்கும்போது.

அப்பா அதற்குப் பிறகும் மேட்டில்தான் நிறுத்தினார். பழக்கம்.

அன்று வரப்பேறும்போது அந்த எலக்ட்ரீஷியன் குரலை உயர்த்திச் சொன்னது ஒன்று உண்டு. செல்ஃப் எடுக்காதபோது அப்பா கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரை சோலனாய்டின் இரண்டு முனையிலும் வைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்வதை அவர் கேள்விப்பட்டிருந்தார். “அத மட்டும் செய்யாதீங்க அண்ணே.” கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்கவிடாத பாதுகாப்பு சுவிட்ச் பல டிராக்டர்களில் உண்டு. ஸ்க்ரூடிரைவர் அதையும் தாண்டிப் போய்விடும். கியர் விழுந்திருந்தால் வண்டி அப்படியே நகரும். நிற்கிற ஆள் பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னால் இருப்பார். இன்றும் ஊர்ப்பக்கம் இந்த வழக்கத்தைப் பார்க்கிறேன். பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்துதான் வண்டியை எடுங்கள். எடுக்கவில்லையென்றால், எதையும் வாங்குவதற்கு முன் எர்த் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றித் தேய்த்துப் பாருங்கள்.