சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

பி.டி.ஏ. என்று ஒரு கருவி இருந்தது. முகவரிகள், நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள், சின்னச் சின்னக் குறிப்புகள் - இவ்வளவையும் உள்ளங்கையில் வைத்துக்கொள்ள ஒரு குட்டிக் கணினி. செல்போன் இதையெல்லாம் விழுங்கிவிட்டதால் இப்போது பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆனால் 1990களில் இதற்காகப் பெரிய போட்டியே நடந்தது. வெல்ல வேண்டிய எதிரி யார் தெரியுமா? சாதாரண பாக்கெட் டைரி!

1993-ல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் மெசேஜ்பேடை வெளியிட்டது. விலை சுமார் 700 டாலர், எடை சுமார் 400 கிராம். நம் கையெழுத்தில் எழுதினால் அதுவே படித்துப் புரிந்துகொள்ளும் என்றார்கள். ஆனால் எழுதியது ஒன்று, அது படித்தது வேறொன்று. சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் கூடக் கிண்டல் செய்தார்கள். பிறகு வந்த பதிப்புகள் நன்றாகவே படித்தன. ஆனாலும் போன பெயர் திரும்பவில்லை. 1998-ல் நியூட்டன் நிறுத்தப்பட்டது.

ஜெஃப் ஹாக்கின்ஸ் வேறு வழியில் யோசித்தார். சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டு, போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றார். யாராவது தேதி கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் தட்டுவது போல நடிப்பார். எது உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று அந்தக் கட்டை சொல்லிக்கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் 1996-ன் பாம் பைலட். விலை 300 டாலரில் தொடங்கியது, நினைவகம் வெறும் 128 கிலோபைட். நான்கு வேலைக்கு நான்கு பொத்தான்கள், அழுத்தினால் உடனே திறக்கும். இரண்டு சிறிய பேட்டரி வாரக்கணக்கில் வரும்.

எழுத்து விஷயத்தில்தான் வேடிக்கை. நியூட்டன் மனிதனின் கையெழுத்தைக் கற்க முயன்றது. பைலட்டோ, மனிதனையே 'கிராஃபிட்டி' என்ற புது எழுத்தைக் கற்கச் சொன்னது. ஆங்கில 'ஏ'வுக்கு நடுக்கோடு கிடையாது, அவ்வளவுதான். சிரமம் மனிதனுக்குத்தான், ஆனாலும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏனென்றால், கற்றபின் அது பெரும்பாலும் ஏமாற்றவில்லை.

1997-ல் வந்த சயான் சீரீஸ் 5-ல் நல்ல விசைப்பலகை இருந்தது. மேசையில் வைத்துக் கடிதம் எழுத அருமை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு உதவாது. 2000-ல் வந்த காம்பேக் ஐபேக்கில் வண்ணத்திரை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். பேட்டரி முழுவதும் தீர்ந்தால் உள்ளே சேர்த்ததும் போய்விடும். பைலட்டிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மேசைக் கணினியில் பிரதியாகிவிடும்.

ஆக, அதிக வசதி உள்ள கருவி நல்ல கருவி ஆகிவிடாது. மறக்கக்கூடாததை அதனிடம் ஒப்படைக்கத் துணிவு வருகிறதா என்பதுதான் கேள்வி. 2007-ல் ஐபோன் வந்தபின் எஞ்சியிருந்த கருவிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்றைய போன் ஐபேக்கைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். ஆனாலும் ஒரு நம்பரைக் குறிக்கப் போனை எடுத்து, வந்திருக்கும் மெசேஜ்களைப் பார்த்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்பதையே மறந்து பைக்குள் வைப்பவர்கள் எத்தனை பேர்?

அவர்கள் ஒரு வாரம் மரக்கட்டையைச் சுமந்து பார்க்கலாம்!