10 எப்படி 42 ஆச்சு?



எனக்கு ஸ்கீம் மொழி ரொம்பப் பிடிக்கும். 1975-இல் எம்.ஐ.டி.யில் கை ஸ்டீலும் ஜெரால்டு சஸ்மனும் உருவாக்கியது. என் நண்பனோ சி கட்சி. மார்க் சராசரி போடும் ஃபங்ஷன் ஒன்றை அவன் சி-யில் எழுதி வைத்திருக்கிறான். என் ஸ்கீம் புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிட்டு, மார்க்குகளை மொத்தமாக ஒரு அரே-யாக அனுப்ப வேண்டும். இதுதான் வேலை. "இதென்ன பெரிய விஷயம், அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டியதுதானே"ன்னு கேட்பீங்க. கொடுக்க முடியாது.

நான் பயன்படுத்துவது கைல் என்ற ஸ்கீம். அதில் 10, 20, 30 என்று ஒரு வெக்டர் செய்து, நினைவகத்தில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். 10 இருக்க வேண்டிய இடத்தில் 42! 20-க்கு 82. 30-க்கு 122. என்னடா இது?

ஸ்கீம் வெக்டரில் எண், எழுத்து, பட்டியல் எது வேண்டுமானாலும் வைக்கலாம். "இது முழு எண்" என்று அடையாளம் தெரிய, கைல் அதை 4-ஆல் பெருக்கி 2 கூட்டி வைக்கிறது. 72.5 மாதிரி தசம எண் என்றால் அந்த இடத்தில் எண்ணே இருக்காது. எண் வேறெங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். சி-க்கு இந்த ரகசியமெல்லாம் தெரியாது. நல்லவேளை, பாயிண்டர் கேட்கும் இடத்தில் வெறும் வெக்டரைக் கொடுத்தால் கைலே பிழை சொல்லி நிறுத்திவிடும்.

அதனால் எஃப்64வெக்டர் எடுக்க வேண்டும். 1999-இல் வந்த எஸ்.ஆர்.எஃப்.ஐ-4 தந்த வகை இது. ஒவ்வொரு எண்ணும் 8 பைட், இடைவெளி இல்லாமல் வரிசையாக, சி-யின் டபுள் போலவே. அதன் பாயிண்டரை எடுத்துக் கொடுத்தால் போதும். 10 லட்சம் எண் இருந்தாலும் 80 லட்சம் பைட்டை நகல் எடுக்க வேண்டியதில்லை. போவது ஒரே ஒரு விலாசம்.

ஆனால் அந்த விலாசத்தை சி பத்திரப்படுத்தி வைத்து அப்புறம் பயன்படுத்தக் கூடாது. சிக்கன் என்ற இன்னொரு ஸ்கீம், குப்பை சேகரிக்கும்போது பொருட்களை இடம் மாற்றிவிடும். வீடு மாறிப் போனவங்களைப் பழைய கதவைத் தட்டிக் கூப்பிடற கதைதான்.

எனக்கு நிஜமாகவே பயம் தந்தது இதெல்லாம் இல்லை. நீளம்! ஸ்கீம் வெக்டருக்குத் தன் நீளம் தெரியும். சி-க்குப் போவது விலாசம் மட்டும். எத்தனை எண் என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். பெஞ்சில் 4 பேர் இருக்கும்போது "5 பேரை எண்ணு" என்றால், பக்கத்தில் இருக்கும் தூணையும் சேர்த்து எண்ணும். வேணும்னே 4 மார்க்குக்கு 5 என்று கொடுத்துப் பார்த்தேன். பிழைச் செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. அமைதியாக ஒரு சராசரி வந்தது. தப்பான சராசரி. அது யாரோ ஒருத்தருடைய மார்க் ஷீட்டில் ஏறியிருந்தால்?

இப்போது எண்ணிக்கையை யாரும் கையால் தட்டுவதில்லை. எஃப்64வெக்டரிடமே நீளம் கேட்டு, அதையும் சேர்த்து அனுப்பும் சின்ன ஸ்கீம் ஃபங்ஷன் ஒன்று எழுதிவிட்டேன். நண்பனுடைய சி-யை அதன் வழியாக மட்டும்தான் கூப்பிடுகிறேன். மொத்தம் 3 வரி. வேண்டியவங்க கேளுங்க, எழுதித் தர்றேன்.