திண்ணையில் ஒரு ரோலர் கோஸ்டர்

ஒரு மாதமாக இந்தப் பக்கம் ஆளையே காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று நாலைந்து பேர் போனில் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. திண்ணையில் ரோலர் கோஸ்டர் கட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் வயிற்றுப் பேரன் முழுப்பரீட்சை லீவுக்கு ஆனைமலை வந்தான். 2025 டிசம்பரில் சென்னைப் பக்கம் வொண்டர்லா திறந்தார்கள் அல்லவா, அங்கே 'தஞ்சோரா'வில் ஏறிவிட்டு வந்த மிதப்பு. பெட்டி தண்டவாளத்துக்கு அடியில் தொங்குமாம், கால் அந்தரத்தில் ஆடுமாம், தலைகீழாகச் சுற்றுமாம். "வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவையும் பார்த்தவன்டா நான்" என்றேன். "அது தலைகீழாப் போகாதுங்க அப்புச்சி" என்றான். நியாயம்தான்.

சரி, செய்தே காட்டுவோம் என்று பொள்ளாச்சி போய் ஜி.ஐ. கம்பி வாங்கி வந்தேன். இரண்டு கம்பிகளை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடவிட்டு, குறுக்கே செம்புக் கம்பித் துண்டுகளை வைத்துப் பற்றவைத்தால் தண்டவாளம். மூங்கில் குச்சிகள் தூண். நடுவில் ஒரு முழு வட்டம். அதைப் பெயிண்ட் வாளியைச் சுற்றி வளைத்தோம். ஆரம் 15 சென்டிமீட்டர். வண்டிக்குப் பதில் கோலிக்குண்டு. மேலே விட்டால் இறங்கி, வட்டத்தைச் சுற்றி, அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும். திண்ணை முழுக்கக் கம்பி. வீட்டம்மா கோலம் போடும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எவ்வளவு உயரத்திலிருந்து விடவேண்டும்? அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னிடம் பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள், ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு என்று. 37.5 வந்தது. அரை சென்டிமீட்டர் கூட்டி 38-இல் வைத்தேன்.

குண்டு உச்சிக்குக் கிட்டே போய்ப் பொத்தென்று விழுந்தது. பத்து முறை விட்டோம், பத்து முறையும் விழுந்தது.

உராய்வுதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். தூசி ஒட்டி இன்னும் மோசமானது. மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் பேரன் சும்மா இருக்காமல் குண்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து உருட்டிவிட்டான். அந்தப் புள்ளி சுழன்ற வேகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. குண்டு சறுக்கிப் போகவில்லை, உருண்டு போகிறது. இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பங்கு சுழல்வதற்கே செலவாகிறது. இரண்டரை மடங்கு என்பது உராய்வில்லாமல் சறுக்கும் பொருளுக்கான கணக்கு. உருளும் குண்டுக்கு 2.7 மடங்கு வேண்டும். அதுவும் தட்டையான பாதையில். என் குண்டு 16 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு கம்பிக்கு நடுவே இறங்கி உட்கார்ந்திருப்பதால் அதே வேகத்துக்கு இன்னும் அதிகமாகச் சுழலவேண்டும். போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, 44 சென்டிமீட்டருக்கு மேல். உராய்வு அதற்கப்புறம்தான். கடைசியில் 53-இல் வைத்து விட்டபோது முழுசாகச் சுற்றி வந்தது. பேரன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரரே எழுந்து வந்துவிட்டார்.

எனக்குக் கூச்சல் போடத் தோன்றவில்லை. 1997 என்று நினைவு. இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "ஏனுங் சார், உருண்டு போற குண்டுக்கும் இதே கணக்குதானுங்களா?" என்று கேட்டான். "புத்தகத்துல இருக்கறத எழுது, மார்க் வரும். உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் கேள்வியே கேட்கவில்லை. இத்தனைக்கும் திடக்கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனை நானேதான் அடுத்துவந்த பாடத்தில் நடத்தினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். நீ கேட்டது சரியான கேள்வி. பதில் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நிஜ ரோலர் கோஸ்டரில் வண்டி விழாது. தண்டவாளத்துக்கு மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று பக்கமும் சக்கரம் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் சரியான வட்டமாக வளைத்தால், இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து வரும் வண்டி அடியில் நுழையும் நொடியில் உள்ளே இருப்பவர் எடை ஆறு மடங்காக அழுத்தும். கழுத்து என்னாவது? அதனால்தான் 1976-இல் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் கலிபோர்னியாவில் கண்ணீர்த்துளி வடிவத்தில் சுற்று அமைத்தார். அடியில் அகலம், உச்சியில் குறுகல்.

அதைத்தான் அடுத்து வளைக்கப்போகிறேன். பள்ளிக்கூடம் திறந்து பேரன் ஊருக்குப் போய்விட்டான். கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன்.