பிடித்தம் போக

மாதக் கடைசி நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே கேள்விதான். "சம்பளம் ஏறிடுச்சா டீச்சர்?" கைபேசியில் வங்கியின் குறுஞ்செய்தி வந்ததும், அதில் உள்ள தொகையை வைத்து அந்த மாதம் ஓடத் தொடங்கிவிடும். மொத்தச் சம்பளம் எவ்வளவு, எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பலரும் பார்ப்பது பிப்ரவரியில் வருமான வரிப் படிவம் நிரப்பும்போதுதான். அதையும் விவரம் தெரிந்த ஒருவர் எல்லாருக்குமாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். நாம் கையெழுத்துப் போடுவோம்.

இப்போது சம்பளப் பட்டியல் தமிழ்நாடு அரசின் களஞ்சியம் செயலியிலேயே கிடைக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இருவருடைய பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவருக்கு வைப்பு நிதிப் பிடித்தம் இருக்கும், பின்னால் பழைய ஓய்வூதியம் இருக்கும். அதற்குப் பின் சேர்ந்தவருக்கு வந்தது சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு. அந்தத் திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் வைக்கப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர்கள் தெருவில் நின்று கேட்ட விஷயம் அது.

ஆனால் பண யோசனை மட்டும் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு அப்படியே போகிறது. "எல்ஐசி ஒண்ணு போடு தம்பி, சம்பளத்துலயே பிடிச்சுக்குவாங்க." சொன்னவருடைய வீட்டுக்கு அவருக்குப் பின்னும் ஓய்வூதியம் வரும், அவருக்கு அந்த யோசனை பொருந்தியது. இளையவர் மாதம் 2,000 ரூபாய் கட்டி இருபது ஆண்டுக்கு எடுக்கும் சேமிப்பு பாலிசியில், நாளையே அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குக் கிடைப்பது ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். முப்பது வயதுக்காரர் அதைவிடக் குறைந்த தவணையில் ஐம்பது லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுக்கலாம். "கட்டுற காசு திரும்பி வராதே" என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சிபிஎஸ்ஸில் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, நாளை ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான்.

கடன் என்று வந்தால் "மாசம் எவ்வளவு வரும்?" என்பதே பேச்சு. எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டியை நாம்தான் நடத்துகிறோம். ஒரு தனியார் நிதி நிறுவனம் "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான் சார்" என்று ஒரு லட்சம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டில் 1,24,000 ரூபாய், மாதத் தவணை 5,167 ரூபாய். கேட்க 12 விழுக்காடு போல இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசிவரை போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 விழுக்காடு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட ஒரு பாடவேளை போதும். அதைப் பிள்ளைகளுக்கு மட்டுமே போட்டுவிட்டு வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிணையக் கையெழுத்து இன்னும் பெரிய விஷயம். ஆசிரியர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்கள் எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். அங்கே கடன் வாங்க உடன் பணிபுரிபவர் ஜாமீன் நிற்க வேண்டும். இடைவேளையில் படிவத்தை நீட்டினால் எவ்வளவு தொகை என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோம், கேட்டால் மனம் நோகும் என்பதால். வாங்கியவர் கட்டத் தவறினால் பிடித்தம் ஜாமீன்தாரர் சம்பளத்தில்தான் வரும். தொகையைக் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை என்று இளையவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இந்த யோசனைகள் எதுவும் பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பொருந்தாது. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு வந்தவர்கள் அவர்கள். மே மாதச் சம்பளத்துக்கே போராடியவர்கள். அவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசக் கூடாது. அவர்களுக்குத் தேவை சம்பளம்.

எனக்கு மிகவும் கவலை தருவது பெண் ஆசிரியர்களின் நிலைமை. இருபது ஆண்டு சம்பாதித்தும் பலருடைய ஏடிஎம் கார்டு கணவரிடம். வங்கியில் பதிந்திருக்கும் எண்ணும் அவருடையது, அதனால் சம்பளம் ஏறியதை வீட்டில் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கணவராகவே இருக்கலாம். இருந்தாலும் தன் சிபிஎஸ் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் ஓய்வு பெறுவது சரியில்லை. எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை போன ஆண்டு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றி எழுதிக் கொடுத்தார். களஞ்சியம் செயலியைத் தன் கைபேசியில் இறக்கி, சம்பளப் பட்டியலை வரிவரியாகப் படித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் காட்டி, "சார், சொசைட்டி லோன் ஒண்ணு ஓடுதே, இது எப்ப வாங்கினது? எதுக்கு வாங்கினது?" என்று கேட்டார். இரண்டு பேருமாகச் சங்கத்துக்குப் போய்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். கையெழுத்து அவருடையதுதான்.