ஊட்டி மலை ரயிலும் நம்ம கடைமடையும்



கோடை விடுமுறை நெருங்கினாலே கிளினிக்கில் ஒரு கேள்வி வந்துவிடும்.

"சார், அப்பாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு. ஊட்டி மலை ரயில்ல கூட்டிட்டுப் போலாமா?"

பெரும்பாலானவர்கள் தாராளமாகப் போகலாம். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் என் அப்பாவுக்கு 74 வயது. அவரோடுதான் போய் வந்தேன். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ரயில் ஜன்னலில் பார்த்த காட்டைப் பற்றியும், அது கடைமடைக்காரர்களான நம்மை எப்படித் தொடுகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். நீண்ட இழை, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ரயில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது, 1908-ல் உதகையைத் தொட்டது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

தண்டவாளம் நம்ம நாகை, திருவாரூர் பக்கம் முன்பு ஓடிய அதே மீட்டர் கேஜ்தான். ஆனால் கல்லாரிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். செங்குத்தான இடங்களில் 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம். என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது.

நாகைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இந்த நீராவி என்ஜின்களைப் பழுது பார்ப்பது திருச்சி பொன்மலைப் பணிமனை. புதிய என்ஜின்களையும் அங்கேயே செய்திருக்கிறார்கள். அந்தப் பணிமனை 1928 வாக்கில் பொன்மலைக்கு மாறும் முன்பு எங்கே இருந்தது தெரியுமா? நம்ம நாகப்பட்டினத்தில்!

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம ஊரு கைவேலைன்னு சொல்லு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கல்லார் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பாலத்துக்குப் பாலம் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் செல்ஃபி எடுக்க, அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது தம்பி?"

"கீழ பவானியில சேருதுப்பா. பவானி போய்க் காவேரியில சேருது."

"அப்ப நமக்கு வர்ற தண்ணியா?"

கீழ்வேளூர் பக்கம் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். அந்த வருடக் குறுவை கருகியதைத் தினமும் வரப்பில் நின்று பார்த்தவர் அவர். அவர் கேட்கும்போது சும்மா "ஆமா"ன்னு சொல்லிவிட முடியாது.

உள்ளதைச் சொன்னேன். பவானி மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் கலக்கிறது. அதற்கு முன்பே பவானிசாகர் அணை பெரும்பகுதியைப் பிடித்து ஈரோட்டுப் பக்க வயல்களுக்குக் கொடுக்கிறது. நல்ல மழை வருடங்களில் மிச்சம் காவிரிக்கு வரும், நம்ம பக்கமும் வரும்.

"மிச்சம்தானே நமக்கு எப்பவும்" என்றார்.

குன்னூரில் டீசல் என்ஜின் மாறியது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகப் போக உயர உயரமான மரங்கள். எதிர் சீட்டில் இருந்தவர், "எவ்ளோ பெரிய காடு பாருங்க சார்" என்றார்.

இங்கேதான் ஒரு மருத்துவராக எனக்கு ஒன்று தோன்றியது.

சில பேரைப் பார்த்து உறவினர்கள், "ஆளு நல்லா பூசினாப்ல இருக்காரு" என்பார்கள். காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். அது சதை இல்லை, நீர் கோத்திருக்கிறது. சிறுநீரகமோ இதயமோ தடுமாறுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஆம். பூசினாற்போல இருப்பதெல்லாம் ஆரோக்கியம் இல்லை. பச்சையாக இருப்பதெல்லாம் காடும் இல்லை.

அந்த உயர மரங்களில் பெரும்பாலானவை கற்பூர மரமும் சீகை மரமும். இரண்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் நாமே இன்னும் அதிகமாக நட்டோம். யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை.

அந்த உயரத்தின் சொந்தக் காடு வேறு மாதிரி. மலை மடிப்புகளில் குட்டையான, பாசி படர்ந்த மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. சரிவு முழுக்கப் புல்வெளி. "வெறும் புல்லுதானே" என்று தரிசுக் கணக்கில் தள்ளப்பட்டது இந்தப் புல்வெளிதான். மழையைக் குடித்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது சோலையும் புல்லும் சேர்ந்து செய்யும் வேலை.

உதகை அருகே கிளென்மார்கனில் மண் வள ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் வளர்த்த பகுதியில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது.

இப்போது சீகையை அகற்றிவிட்டுச் சோலை மரக்கன்றுகளும் நாட்டுப் புற்களும் நடுகிறார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. மிக நல்ல விஷயம்.

ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிய அடுத்த மழையிலேயே நாற்றங்கால் மாதிரி முளைக்கும். வருடா வருடம் போய்ப் பிடுங்க வேண்டும்.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை கொடுக்கிறோம். இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிடும். "சரியாயிடுச்சு சார்" என்று நிறுத்தியவர்கள், பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். காட்டுக்கும் அதேதான். மரம் நடும் நாளின் போட்டோ முதல் வார மாத்திரை. ஐந்தாவது வருடம் களை பிடுங்க ஆளும் பணமும் இருக்கிறதா என்பதுதான் வைத்தியம்.

அவசரமும் ஆகாது. செங்குத்துச் சரிவில் ஒரே மூச்சில் மொட்டையடித்தால் மண் சரியும். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ரயிலும் மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி நிற்கிறது.

"அது நீலகிரிப் பிரச்சினை சார்" என்பவர்கள் கோடியக்கரை போய்ப் பாருங்கள். அங்கே வெளிமானுக்குப் புல்வெளி வேண்டும். சீமைக் கருவேலம் அதைத் தின்றுகொண்டு வருகிறது. காட்டுக் குதிரைகள் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன. அங்கேயும் ஒரு முறை வெட்டினால் தீராது.

இப்போது, சொன்னபடி, பெரியவர்களுக்கான குறிப்புகள்:

1. உதகை சுமார் 2,200 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். பயம் வேண்டாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

2. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, வழி நிலையங்களில்தான். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைக்கு எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. காலை 7:10-க்கு ரயில். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். பிஸ்கட், சர்க்கரை கையில் இருக்கட்டும்.

4. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குகை வந்தால் கத்தட்டும், அதுதான் மலை ரயில். அப்படியே எது சோலை, எது கற்பூர மரம் என்றும் காட்டுங்கள். வெறும் புல் என்று தெரியும் இடத்தைக் காட்டி, "இதுதான் தண்ணி தர்ற இடம்"ன்னு சொல்லுங்கள். மிச்சத் தண்ணீரை நம்பி விதைக்கிற ஊர்க்காரர்கள் நாம். மேலே புல் வளர்கிறதா என்று விசாரிக்க நமக்கும் உரிமை உண்டு.


பொதுநல மருத்துவர்
நாகப்பட்டினம்