விட்டுவந்த ஏழங்குலத் தட்டு

லண்டனில் கேம்டன் பக்கம், கூரை சரிந்து தலையில் இடிக்கிற ஒரு மாடி அறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன். காலி செய்கிற நாளில் பெட்டியைத் திரும்பத் திரும்ப எடை பார்த்துவிட்டு, கடைசியில் ரிக்கார்ட் பிளேயரையும் அதோடு பதினோரு தட்டுகளையும் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பத்துத் தட்டுகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஒன்றை மட்டும் சட்டைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்திருக்கலாம். ஏழு அங்குலம்தான், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. ஏன் அதைச் செய்யவில்லை என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது.

அது பிங்க் ஃப்ளாய்டின் ‘சீ எமிலி ப்ளே’, 1967 ஜூனில் வந்த சிங்கிள். சந்தைக் கடை ஒன்றில், அட்டைப்பெட்டிக்குள் உறையில்லாமல் நிறுத்தி வைத்திருந்த தட்டுகளுக்குள் கிடைத்தது. லேபிளில் கொலம்பியா என்ற பெயர். நம் ஊர்ப் பழைய தட்டுகளிலும் இருந்த அதே பெயர். அதன் ஓரத்தில் நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சினேகிதர் வீட்டு விருந்துக்குத் தங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லாருடையதும் ஒரே குவியலாகக் கிடக்கும். திரும்பும்போது மாறிப்போய்விடக் கூடாதென்று பெயர் எழுதி வைப்பார்கள், நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி. சேகரிப்பவர்கள் லேபிளில் பேனா பட்ட தட்டை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கோ அந்தப் பெயருக்காகவே அதன்மேல் பிரியம் வந்தது. பதினைந்து, பதினாறு வயசு இருந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பெயரின் கடைசி எழுத்தை வளைத்துக் கீழே ஒரு கோடு இழுத்திருந்தாள்.

தட்டில் ஒரு கீறலும் இருந்தது. பாட்டின் பின்பாதியில், பல்லவி திரும்பி வருகிற இடத்தில், ஐந்து முறை ‘டிக்’ என்று கேட்கும். நிமிஷத்துக்கு 45 சுற்று என்பதால் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் நடுவே ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். நாளாக ஆக, அந்த ஐந்தும் பாட்டின் தாளத்தோடு சேர்ந்துவிட்டன.

பெரும்பாலானவர்களைப் போல நானும் பிங்க் ஃப்ளாய்டுக்குள் முன்வாசல் வழியாகத்தான் போனேன். 1973-இன் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, அதற்கு முன்னால் 23 நிமிஷத்துக்கு மேல் ஓடும் ‘எக்கோஸ்’. இருட்டில் கண்ணை மூடிக் கேட்க வேண்டிய பெரிய கட்டடங்கள் அவை. அந்தக் குழுவே ஒரு காலத்தில் மூன்று நிமிஷத்துக்குள் முடிகிற பாட்டுப் பாடியது, டான்ஸ் ஆடுகிற பிள்ளைகளுக்கு நடுவே வானொலியில் இடம் கேட்டுக் காத்திருந்தது என்பது தெரிந்தபோது, பெரிய மனிதர் ஒருவரின் அரைக்கால் சட்டைப் போட்டோவைப் பார்த்தது போல இருந்தது. அந்தப் போட்டோவில் நடுவில் நிற்பவர், பின்னால் வந்த படங்களில் இல்லை. அப்போது பாட்டெழுதிப் பாடிய சிட் பாரெட்.

முதல் சிங்கிள் ‘ஆர்னால்ட் லேன்’, 1967 மார்ச். கொடியில் காயும் பெண்களின் உள்ளாடைகளைத் திருடுகிற ஒருவனைப் பற்றிய பாட்டு. கற்பனை இல்லை. பாரெட்டும் குழுவின் இன்னொருவரான ரோஜர் வாட்டர்ஸும் கேம்பிரிட்ஜில் வளர்ந்தவர்கள். இருவர் வீட்டிலும் அம்மாக்கள் படிக்கிற பெண்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்தார்கள். கொடியிலிருந்து துணி காணாமல் போனது அந்தத் தோட்டங்களில் நடந்த சங்கதி. இதை வைத்து யாரும் மலிவான ஒரு சிரிப்புப் பாட்டுக் கட்டிவிடலாம். பாரெட் அந்த மனிதனைப் பரிதாபத்தோடு பார்க்கிறார். குரலில் கேலி இல்லை, கண்டிப்பும் இல்லை. பக்கத்துத் தெருக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்கிறார். கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிக்கொண்டிருந்த ரேடியோ லண்டன் இந்தப் பாட்டு ஆகாது என்று ஒதுக்கியது. அப்படியும் பிரிட்டிஷ் பட்டியலில் 20-ஆம் இடம் வரை ஏறியது.

அதைப் பதிவு செய்தவர் ஜோ பாய்ட். இடம் செல்சியில் பழைய பால்பண்ணைக் கட்டடம் ஒன்றுக்குள் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோ. அப்புறம் இஎம்ஐ கம்பெனி குழுவை எடுத்துக்கொண்டதும், தன் ஆளான நார்மன் ஸ்மித்தைத் தயாரிப்பாளராகப் போட்டது. பீட்டில்ஸின் முதல் வருஷங்களில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். அடுத்த பாட்டுக்குக் கம்பெனிக்குச் சொந்தமான அபே ரோட்டின் பெரிய ஸ்டுடியோ கிடைத்தது. ஆனால் அங்கே அந்த ஒலி வசப்படவில்லை. கடைசியில் கம்பெனியே தன் வீட்டை விட்டு, பழைய பால்பண்ணைக்குத் திரும்பிப் போய் ‘சீ எமிலி ப்ளே’யைப் பதிவு செய்தது. ஒலிக்கும் ஊர்ப்பாசம் உண்டு போலிருக்கிறது.

அந்தப் பாட்டு முதலில் வேறு பெயரில், ஒரு கச்சேரிக்காகப் பிறந்தது. 1967 மே 12, தேம்ஸ் கரையில் அப்போதுதான் திறந்திருந்த குவீன் எலிசபெத் ஹாலில் ‘கேம்ஸ் ஃபார் மே’ என்று ஒரு மாலை. மேடையிலிருந்து சோப்புக் குமிழிகள் பறந்தன, பூக்கள் கைமாறின. இருக்கையிலும் தரையிலும் கறை படிந்ததாக ஹால் நிர்வாகம் கோபித்துக்கொண்டு, இனி உங்களுக்கு இடமில்லை என்றது. தட்டில் கேட்கும்போது அந்த மாலையின் வெளிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். கிதார் தந்தியின்மேல் எதையோ வழுக்கி எழுப்பிய ஓசை எதிரொலிக் கருவிக்குள் போய்ச் சுழன்று வரும். ரிக் ரைட்டின் ஆர்கன் அதன் பின்னாலேயே ஓடும். நடுவில் திடீரென்று ஒரு பியானோத் துணுக்கு, நாடாவின் வேகத்தைக் கூட்டியதால் பொம்மைப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல, சில விநாடி வந்து மறைந்துவிடும். நான் முள்ளைத் தூக்கித் தூக்கி அந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அத்தனை சின்ன இடத்தில் ஒரு இருபத்தொரு வயசுப் பையன் எவ்வளவு அடைத்துவிட்டான்! பின்னால் இதே குழு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு சொன்னவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றில் இந்த அவசரம் இல்லை, பள்ளி விட்ட பிள்ளையின் ஓட்டம் இல்லை.

பதிவின்போது கேம்பிரிட்ஜ் காலத்துச் சினேகிதர் ஒருவர் பார்க்க வந்தார். டேவிட் கில்மோர். பாரெட் அவரைத் தெரியாதவரைப் பார்ப்பது போலப் பார்த்ததாகக் கில்மோர் பின்னால் சொல்லியிருக்கிறார். தட்டில் கேட்கிற உற்சாகமும் அந்த அறையில் கில்மோர் கண்ட கண்களும் ஒரே வாரத்தவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டு எனக்கு வேறாகிவிட்டது. சந்தோஷம் குறையவில்லை, ஆனால் அதற்குக் கீழே ஒரு பள்ளம் தெரிந்தது.

பாட்டு 6-ஆம் இடத்துக்கு வந்தது. டாப் ஆஃப் தி பாப்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று வாரத்தில் பாரெட்டின் பளபளப்பான உடை கசங்கியது, முகம் கசங்கியது, மூன்றாம் முறை மேடைக்கு வரவே மனமில்லாமல் நின்றார். நவம்பரில் வந்த ‘ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்’ பட்டியலிலேயே ஏறவில்லை. 1968 தொடக்கத்தில் கில்மோர் குழுவுக்குள் வந்தார், சில வாரங்களில் பாரெட் வெளியே. அந்த வருஷம் இன்னும் இரண்டு சிங்கிள்கள் வந்தன, இரண்டும் விழுந்தன. டிசம்பரில் வந்த ‘பாயின்ட் மீ அட் தி ஸ்கை’க்குப் பிறகு பிரிட்டனில் அவர்கள் சிங்கிள் போடுவதையே விட்டுவிட்டார்கள். அடுத்தது 1979 கடைசியில்தான். அது முதலிடத்துக்குப் போனது வேறு கதை.

தோற்ற அந்தத் தட்டுகளின் பின்பக்கத்தைத்தான் நான் அதிகம் கேட்டேன். பின்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று கம்பெனிக்காரர்கள் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார்கள். அதனால் அங்கே குழு தன் இஷ்டத்துக்கு விளையாடும். ரைட் எழுதிய ‘பெயின்ட் பாக்ஸ்’ அப்படி ஒன்று. ‘பாயின்ட் மீ அட் தி ஸ்கை’யின் பின்பக்கத்தில் இருந்தது ‘கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்’. முன்பக்கம் மறைந்துபோனது. பின்பக்கமோ பல வருஷம் மேடை மேடையாக வாசிக்கப்பட்டது. பின்னால் வந்த பெரிய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டியது இங்கேதான் என்பேன்.

இவை கிடைக்காப் பொருளானதற்குக் காரணம் பிரிட்டனில் அப்போது இருந்த ஒரு நல்ல பழக்கம். சிங்கிளில் வந்த பாட்டைத் திரும்பவும் ஆல்பத்தில் சேர்த்து ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதனால் 1967 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் ‘ஆர்னால்ட் லேன்’ இல்லை, எமிலியும் இல்லை. சிங்கிள் கடையிலிருந்து போனால் போனதுதான். 1971-இல் ‘ரெலிக்ஸ்’ என்று மலிவு விலையில் ஒரு தொகுப்பு வந்து கொஞ்சத்தை மீட்டது. கட்டடக்கலை படித்த டிரம்மர் நிக் மேசன் தானே பேனாவால் வரைந்த விசித்திர இயந்திரம் அதன் அட்டையில் இருந்தது. ஆனால் மோனோவாக மட்டும் இருந்த பாட்டுகளை அதில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருந்தார்கள். என்னிடம் இருந்த பதினோரு தட்டுகளில் அதுவும் ஒன்று. பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ரெலிக்ஸில் எமிலி அகன்று கரைந்து நிற்பாள். கீறல் விழுந்த சிங்கிளில் நேராக நெஞ்சுக்கு வருவாள்.

கம்பெனி வெளியிடாமல் வைத்துக்கொண்டவையும் உண்டு. ‘ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்’, ‘வெஜிடபிள் மேன்’. இரண்டாவது, ஒரு பாட்டுத் தேவைப்படுகிறது என்று கேட்டபோது பாரெட் தன் உடம்பில் என்னென்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்த இடத்தில் எழுதியது. கள்ளத்தனமாகப் பிரதியெடுத்த நாடாக்களில்தான் அவை வருஷக்கணக்கில் அலைந்தன. 2016-இல் 27 வட்டுகள் கொண்ட பெட்டியோடுதான் முறைப்படி வெளிவந்தன. ‘வெஜிடபிள் மேன்’ சுத்தமான ஒலியில் கேட்டபோது என்னால் ஒரு முறைக்கு மேல் முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தேடுகிறவரை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. அதே பெட்டிக்குள், பழைய சிங்கிள்களை உறையோடு அச்சு அசலாக மறுபதிப்புச் செய்து ஐந்து தட்டுகள் வைத்திருந்தார்கள். எமிலியும் இருந்தாள். லேபிள் துப்புரவாக இருந்தது, யார் பெயரும் இல்லை.

பாரெட் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். ரோஜர் என்ற தன் பிறவிப் பெயரை மறுபடி வைத்துக்கொண்டு, படம் வரைந்து, தோட்டம் பார்த்துக்கொண்டு, 2006 ஜூலையில் 60 வயசில் இறந்துபோனார். நடுவில் ஒரு முறை, 1975 ஜூன் 5, ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்த அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்து. அவரைப் பற்றியே எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ அன்றைக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. யார் இவர் என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கில்மோரைத் தெரியாதவரைப் போலப் பார்த்தார். இப்போது அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை.

அந்த ஆல்பத்தின் கடைசியில், ‘ஷைன் ஆன்’ அடங்கி மறைகிற இடத்தில், ரிக் ரைட் தன் சின்தசைசரில் ஒரு மெட்டைத் தொட்டுவிட்டு விடுகிறார். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால்தான் கேட்கும். ‘சீ எமிலி ப்ளே’யின் பல்லவி. பழைய சிங்கிள்களைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்ட குழு, விட்டுவந்ததை ஒரு முறை திரும்பிப் பார்க்கிற இடம் அது.

இப்போது என்னிடம் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. போனில்தான் கேட்கிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடைசி நிமிஷத்துக்கு ஒலியைக் கூட்டுகிறேன். ரைட்டின் விரல் அந்தப் பல்லவிக்கு வருகிறது. அங்கே கீறல் ஏதும் இல்லை. ஆனாலும் என் காது ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முறை எண்ணிக்கொள்கிறது: டிக், டிக், டிக்.