முதல் ஜோடி சறுக்குக்கட்டை: தளேகாவிலிருந்து குல்மார்க் வரை

பனி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது மார்கழி விடியற்காலையும், புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியுமேயாகும். மலையையும் மரத்தையும் ஒருசேர மூடி, ஆள் உயரத்திற்கு வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உறைபனியை நம்மில் பெரும்பாலோர் திரைப்படத்தில் கண்டதோடு சரி. ஆயினும் காலம் மாறி வருகிறது. பிழைப்பின் பொருட்டுத் தளேகாவிற்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், முப்பதையும் நாற்பதையும் எட்டிய பலருக்கு, ஒரு முறையேனும் காஷ்மீரத்துப் பனியில் சறுக்கிப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் உண்டாகியிருக்கிறது. மாசி மாதத்தில் நான் குடும்பத்துடன் குல்மார்க் சென்று வந்த செய்தி சங்கத்தில் பரவியது முதல், அன்பர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, “சறுக்குக்கட்டை எங்கே வாங்கலாம்? எதை வாங்கலாம்?” என்பதுதான். வழியையும் ஊரையும் பற்றிச் சொல்லி, அக்கேள்விக்கும் என்னால் இயன்ற விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியூரில் வாழும் நமக்கு ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் நீண்ட விடுமுறை சொந்த ஊருக்கு உரியது. அங்கே முதியவர்கள் நாளை எண்ணிக் காத்திருப்பார்கள். அவ்விடுமுறையைப் பனிக்குக் கொடுப்பது சிறு காரியமன்று. என் இல்லாளும் இதையே கேட்டாள்: “ஊருக்குப் போகும் லீவை மலைக்குக் கொடுக்கிறீர்கள். அங்கே விழுந்து முழங்கால் போய்விட்டால் இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?”

கேள்வி நியாயமானது. உற்றார் உறவினர் பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டில் ஒருவர் கால் ஒடிந்து படுத்தால் நான்கு கைகள் வந்து தாங்கும். இங்கே சம்பாதிப்பவர் படுத்தால் சமையலறையும் பள்ளிக்கூடமும் வாடகையும் ஒருங்கே தடுமாறும். ஆகவே சறுக்குக்கட்டையைத் தேர்ந்தெடுப்பது நமக்கு அழகைப் பற்றிய விஷயமன்று. போன கால்களைப் பத்திரமாக வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றிய விஷயமாகும். சித்திரையில் ஊருக்கு வருகிறோம் என்று என் தாயாருக்கு உறுதி கூறி, அதற்குரிய டிக்கெட்டையும் எடுத்த பின்னரே நாங்கள் வடக்கே புறப்பட்டோம்.

தளேகாவிலிருந்து லோக்கல் வண்டியில் புனே. புனேயிலிருந்து ஜீலம் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்தால் ஜம்மு. அங்கிருந்து கட்ரா வழியாக இப்பொழுது ஸ்ரீநகர் வரையில் இரயிலிலேயே செல்லலாம். கட்ராவையும் காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் இணைக்கும் பாதை 2025 ஜூன் 6 அன்று திறந்து வைக்கப்பட்டது. அப்பாதையில் சீனாப் ஆற்றின்மேல் அமைந்துள்ள வளைவுப் பாலம் ஆற்றுப்படுகைக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தைக் கீழே நிறுத்தினாலும் அதன் முனை பாலத்தைத் தொடாது. இரயில்வேயில் எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் என் போன்றவனுக்கு அப்பாலத்தைக் கடந்த சில வினாடிகளே வந்த செலவுக்கு ஈடாகும்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் என்னும் சிற்றூர் வரையில் சாலை சாதாரணமாகவே செல்லும். அதற்குமேல் தேவதாரு மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறும். பனி மிகுந்த நாட்களில் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளே மேலே செல்ல இயலும். குல்மார்க் என்பதற்குப் பூம்புல்வெளி என்று பொருள். அதன் உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உதகையில் மிக உயர்ந்த சிகரத்தில் நிற்கும் உயரத்தில் அங்கே ஓர் ஊரே இருக்கிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் ஓடும் கொண்டோலா வண்டி முதற்கட்டமாகக் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக 3,900 மீட்டருக்கும் மேலே அபர்வத் மலைத்தோளுக்கும் ஏறுகிறது. அபர்வத்தின் மேற்சரிவுகள் பனிச்சரிவு அபாயம் உள்ளவை. தேர்ந்தவர்க்கும் வழிகாட்டிகளுக்கும் உரியவை. புதியவருக்கு ஊரை ஒட்டிய கீழ்ச்சரிவுகளே போதும். மத்திய சுற்றுலாத் துறையைச் சேர்ந்த பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையமும் குல்மார்க்கில் உண்டு.

இவ்விளையாட்டு நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ணவேண்டாம். நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ‘ஸ்லாலம்’ பந்தயத்திற்கு இன்றைய வடிவத்தை 1922-ல் சுவிட்சர்லாந்தின் மூரென் என்னும் மலையூரில் வகுத்தவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவர் 1888-ல் பிறந்தது நம் சென்னைப் பட்டணத்தில்! குல்மார்க் சரிவுகளில் பழகி வளர்ந்த ஆரிப் கான், 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் சென்ற ஒரே வீரராக அதே பந்தயத்தில் கலந்துகொண்டார்.

இனிச் சரிவைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். நம் லோணாவளாவைத் தாண்டிக் கர்ஜத்திற்கு இறங்கும் போர் காட் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. அதன் செங்குத்தான பகுதி 37-க்கு 1. அதாவது 37 அடி சென்றால் ஓரடி ஏறும். அதற்கே ஏறும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின்கள் வேண்டியிருக்கின்றன. கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை இரயில் சுமார் 12-க்கு 1. அங்கே பற்சக்கரம் இல்லாமல் வண்டி நில்லாது. பனிச்சறுக்குப் பழகும் ஒருவருக்கு அந்த 12-க்கு 1 என்பதே எளிய ஆரம்பச் சரிவு! அங்கே அவருக்குப் பற்சக்கரமாக இருப்பது, கட்டையின் இருபுறத்து எஃகு விளிம்பு ஒன்றே. இதை மனத்தில் கொண்டால், கட்டை நம் சொல்லைக் கேட்கவேண்டியது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

‘ஸ்கீ’ என வழங்கும் இச்சறுக்குக்கட்டை பெயரளவில்தான் கட்டை. இன்று மரத்தோடு கண்ணாடியிழை, உலோகம், பிளாஸ்டிக் முதலியவற்றையும் அடுக்கிச் செய்கிறார்கள். குல்மார்க்கில் வாடகைக்கு விடும் கடைக்குள் நுழைந்தால் சிவப்பும் நீலமுமாகச் சுவரெங்கும் சாத்தி வைத்திருப்பார்கள். புதியவரின் கண் அங்கேதான் ஓடும். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது அதுவன்று; பூட்ஸ். செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று நம் முன்னோர் கேட்டது இவ்விடத்திற்கு மிகப் பொருந்தும். கட்டை சற்று ஏறுமாறாக இருந்தாலும் ஒரு நாளைக் கழித்துவிடலாம்; பூட்ஸ் பொருந்தாவிட்டால் ஒரு மணி நேரமும் நிற்க முடியாது. பொருந்தாத பூட்ஸில் கால் நினைப்பது கட்டைக்குப் போய்ச் சேராது.

இந்தப் பூட்ஸின் அளவு, நம் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதாகும். சுவரில் குதிகாலை ஒட்டிவைத்து, பெருவிரல் நுனி வரையில் அளந்தால் 26 வருமாயின் 26 என்றே கேட்கவேண்டும். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்புறத்தை இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாயும்போது விரல்கள் பின்வாங்கி, குதிகால் தன் இடத்தில் அசையாது அமரவேண்டும். குதிகால் மேலெழுந்தால் அது பெரியது. குளிருக்கு அஞ்சி இரண்டு ஜோடிக் காலுறை போடுவது நம்மவர் வழக்கம், அது கூடாது. மடிப்பு விழுந்து கால் புண்ணாகும், இறுக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் அதிகரிக்கும். முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை ஒன்று போதும். பூட்ஸின் விறைப்பையும் ஓர் எண்ணால் குறிப்பார்கள். பந்தயக்காரர் 130 போன்ற எண்ணை நாடுவர். புதியவருக்கு 60 முதல் 80 வரை தகும். ஒரு கம்பெனியின் எண் மற்றொன்றின் எண்ணோடு ஒத்திராது. ஆகவே காலில் போட்டுச் சாய்ந்து பார்ப்பதே சோதனை.

பூட்ஸ் அமைந்த பிறகு கட்டை. நிற்க வைத்தால் அதன் நுனி நம் மோவாய்க்கும் மூக்கிற்கும் இடையே வரவேண்டும். உயரமான கட்டை வேகத்தில் அசையாது செல்லும். ஆனால் திரும்ப மறுக்கும். இரண்டாவதாக, அது எளிதில் வளையும் மென்மையுடையதாக இருக்கவேண்டும். மூன்றாவதாக, அதன் இடை அகலம் 70 முதல் 80 மில்லிமீட்டர் வரை இருந்தால் சமப்படுத்திய சரிவுக்குப் போதும். ஆழ்ந்த புதுப்பனிக்கென்று செய்த அகலக் கட்டைகள் நமக்கு வேண்டா. நான்காவதாக, கட்டையின் முனைகள் அகன்றும் இடை குறுகியும் இருப்பதைக் காண்பீர்கள். அவ்விடுக்கே கட்டையைத் திருப்புகிறது. இருப்புப்பாதையின் வளைவுக்கு ஆரம் குறிப்பதுபோல, கட்டையின்மேலும் அதன் ஆரத்தை மீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். 11 முதல் 15 மீட்டர் வரை உள்ளது சிறு வட்டத்தில் திரும்பும், கற்பவருக்கு ஏற்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பூட்ஸையும் கட்டையையும் பூட்டும் பிணைப்பு. ‘பைண்டிங்’ என்பார்கள். விழும்போது அது தானே கழன்று காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் கழலவேண்டும் என்பதைத் திருகாணியால் ஓர் எண்ணுக்கு முடுக்குகிறார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், பழக்கம் ஆகிய ஐந்தையும் கொண்டு அவ்வெண் கணக்கிடப்படும். இங்கேதான் உண்மை பேசவேண்டும். வெட்கத்தால் எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத வேளையில் கட்டை கழன்று விழும். பெருமைக்காகத் தேர்ந்தவன் என்று சொன்னால் கழலவேண்டிய வேளையில் கழலாது, எலும்பு முறியும். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு எண்ணைக் குறைத்து வைப்பது விதி. இப்பிணைப்பு கணைக்கால் எலும்பைக் காப்பதுபோல் முழங்காலை முற்றிலும் காக்காது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தலைக்கவசமின்றி இறங்கவே கூடாது.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ குடியேறிய உறவினர், தம் வீட்டில் கிடக்கும் பழைய ஜோடியை அனுப்புவதாக அன்போடு சொல்வதுண்டு. அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், கட்டையை விசாரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். இடை குறுகிய கட்டைகள் 1990-களில்தான் பரவின. அதற்கு முற்பட்டவை நேராகவும், கையைத் தலைக்குமேல் தூக்கினால் மணிக்கட்டைத் தொடும் அளவு நீளமாகவும் இருக்கும். அவற்றில் இன்று கற்கத் தொடங்குவது வீண் துன்பம். பழைய பிணைப்பு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வில் தளர்ந்திருக்கலாம். தேர்ந்த கடைக்காரர் சோதித்துச் சொல்லாமல் அதில் காலை வைக்கக்கூடாது.

இனி, வாங்கலாமா என்ற கேள்வி. பூட்ஸும் கட்டையும் பிணைப்பும் புதிதாக வாங்கினால் பல பதினாயிரம் ரூபாய் ஆகும். ஆண்டில் சில நாட்களே பனியைக் காணும் நமக்கு அது விரலுக்குத் தகுந்த வீக்கமன்று. பனியும் இப்போது நம்பத்தக்கதாக இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியின்றி வெறுமையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்கள் பனி போதாமையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச்சு மாதத்தில் நடந்தன. கட்டையை வாங்கி தளேகாவ் வீட்டுப் பரண்மேல் வைத்தால் நான்கு மாத மழைக்காலத்து ஈரத்தில் எஃகு விளிம்பு துருப்பிடிக்கும். ஆகவே முதல் ஜோடி வாடகை ஜோடியாகவே இருக்கட்டும். மூன்று பருவங்கள் சென்றும் ஆவல் தணியாவிட்டால் பூட்ஸை மட்டும் வாங்குங்கள். அது காலோடு பழகும் பொருள். கட்டை வாங்குவது அதற்கும் பிறகு.

இவ்வளவும் பார்த்துக் காலில் பூட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு வாய்த்தது மங்கிய நிறத்து, பல கால்கள் கண்ட ஒரு ஜோடி. முன்முனைகள் நெருங்கிப் பின்முனைகள் அகன்று, ஓட்டுக்கூரையின் முகட்டைப்போல் கட்டைகளை வைத்தால் வேகம் தணியும், அதுவே முதற்பாடம். இரண்டாம் நாள் மாலையில் சரிவின் அடி வரையில் விழாமல் இறங்கி, நினைத்த இடத்தில் நின்றேன். கீழே காங்ரியின் அனலில் கைகாய்ந்துகொண்டிருந்த என் இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தன் பாதத்தை அளந்து தரச் சொன்னாள்.

போக விரும்பும் அன்பர்கள் அங்குள்ள நிலைமையையும் வானிலையையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளவும். புறப்படுமுன் ஒரு தாளில் வீட்டார் ஒவ்வொருவரின் பாத நீளம், உயரம், எடை, வயது ஆகிய நான்கையும் உள்ளது உள்ளபடி எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பழக்கம்’ என்ற இடத்தில் ‘புதியவர்’ என்று தயங்காமல் எழுதுங்கள். கடையில் சுவரிலுள்ள நிறங்களைப் பார்க்கும் முன் அத்தாளைக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். சித்திரையில் ஊருக்குப் போகும்போது, சொந்தக் கால்களால் நடந்து சென்று பெரியவர்களை வணங்கலாம்.